மாமியார் பக்கத்து நாற்காலி

அத்தியாயம் 5

நெலிமா அழுதுகொண்டே படியேறி வந்தபோது கீழே கசாப்புக் கடையில் எலும்பு வெட்டும் சத்தம் நின்றது. நமுலோவில் யார் அழுதாலும் ஊர் முதலில் கையிலிருக்கும் வேலையைக் கீழே வைக்கும். அப்புறம் காதைத் தீட்டிக்கொள்ளும்.

கடைக்கு மேலே இருந்த ஒற்றை அறையின் கதவில் 'நசாம்பு, அந்தரங்க விசாரணைகள்' என்று ஒரு தகரப் பலகை. கொன்சொலாத்தா நசாம்பு முன்பு ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில், செத்ததாகச் சொல்லப்பட்ட மாடுகள் உண்மையிலேயே செத்தனவா என்று போய்ப் பார்க்கிற உத்தியோகத்தில் இருந்தவள். செத்த மாட்டிடம் பால் கறந்து காட்டிய பெருமை அவளுக்கு உண்டு. அவளுடைய உதவியாளன் முகெபி பழைய வேன் கண்டக்டர். வாசலில் தொங்கியபடியே பிழைத்தவன் என்பதால் அவனுக்கு ஓரிடத்தில் நிற்கவும் தெரியாது, பேச்சை நிறுத்தவும் தெரியாது.

"என் மானம் போச்சு மகளே!" என்று நெலிமா ஒரு தாளை மேஜைமேல் அடித்தாள். ஊர் நிர்வாக அதிகாரியான சீஃபின் ஆபீஸ் அறிவிப்புப் பலகையிலிருந்து பிடுங்கி வந்த தாள். ஆணியும் கூடவே வந்திருந்தது.

வேன் ஸ்டாண்டில் சுட்ட சோளம் விற்கும் நெலிமாவைத் தெரியாத பயணி அந்தப் பக்கத்தில் கிடையாது. ஸ்டாண்ட் பெண் வியாபாரிகள் சங்கத்துக்கு அவள்தான் தலைவி. அவள் குரல் எழுந்தால் டிரைவர்கள் ஹாரன் அடிப்பதை நிறுத்துவார்கள். அப்படிப்பட்டவள் இப்போது ஆரஞ்சு நிறத் தலைத்துணியின் முனையில் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள்.

முகெபி தாளை எடுத்து உரக்கப் படித்தான். "வேன் ஸ்டாண்டை ஊருக்கு வெளியே ஆற்றோரச் சதுப்பு நிலத்துக்கு மாற்றும் திட்டம். பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம், ஆரம்பப் பள்ளி மைதானம். கூடியிருந்தோர் ஏகமனதாகக் கைதூக்கி ஆதரவு தெரிவித்தனர்." நிமிர்ந்தான். "ஏகமனதாவா? நமுலோவுல டீக்கு எத்தன கரண்டி சக்கரைங்கறதுலகூட ஏகமனசு கிடையாதே!"

"கீழ படத்தப் பாரு" என்றாள் நசாம்பு.

வெள்ளைக் கூடாரம், வெள்ளைப் பிளாஸ்டிக் நாற்காலிகள். பின்னாலிருந்து எடுத்த படம் என்பதால் எங்கு பார்த்தாலும் பிடரிகளும் தூக்கிய கைகளும். மூலையில் கறுப்பாக ஒரு தீற்றல். ஓரத்தில் இரண்டு பேர் மட்டும் பக்கவாட்டில் தெளிவாக விழுந்திருந்தார்கள். ஒன்று, ஆரஞ்சுத் தலைத்துணியோடு நெலிமா. அவளை ஒட்டிய நாற்காலியில் ஒல்லியாக, மீசை வைத்த ஓர் ஆள்.

"சில பேருக்கு ஆர்வம் தாங்கல மேடம்" என்றான் முகெபி. "ரெண்டு கையையும் தூக்கிருக்காங்க. ஒரு கை சோடாவுக்கு, ஒரு கை பன்னுக்கு."

நெலிமாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "இன்னிக்கு ரெண்டு மணிக்கு டவுன் ஹால்ல கடைசி விசாரணை. சுற்றுச்சூழல் அதிகாரி வர்றாங்க. இந்தக் கூட்டம் நடந்தது நெசம்னு அவங்க ஒத்துக்கிட்டா உடனே பெர்மிட். அடுத்த வாரம் லாரி லாரியா மண்ணு கொட்டிச் சதுப்ப மூடிருவாங்க. அப்புறம் மழைக்கு ஆறு எங்க போகும்? ஊருக்குள்ளதான் வரும். வேன் அங்க போயிட்டா நாங்க யாருக்கு விக்கறது? எங்க சார்பா நான்தான் பேசறதா இருந்துச்சு. காலையில இந்தப் படத்தப் பார்த்துட்டு எங்க பொம்பளைங்க என் அடுப்பக் கவுத்துப் போட்டுட்டாங்க. 'எவ்வளவு வாங்கின'ன்னு கேக்கறாங்க. இருபது வருஷமா என்கூட ஒரே தட்டுல சாப்ட்டவளுங்க!"

"கூட்டத்துக்கு நீங்க போகல?"

"கூட்டமே நடக்கல! அது கிடக்கட்டும் விடு."

"கிடக்கட்டுமா?"

நெலிமாவின் விரல் அந்த மீசைக்காரன்மேல் விழுந்தது. உடனே சுட்டதுபோல் திரும்பி வந்தது. "இவன் யாருன்னு தெரியுதா? சிதுமா. பைக் டாக்ஸி ஓட்டறானே. என் மக நங்கிலாவோட புருஷன்!"

அதுவரை மேஜை விளிம்பில் உட்கார்ந்திருந்த முகெபி எழுந்து நின்றுவிட்டான். கீழே கசாப்புக்காரர் "ஐயோ!" என்றது மேலே கேட்டது.

மற்ற ஊர்க்காரர்கள் சிரிக்கலாம். நமுலோவில் மாமியாரும் மருமகனும் எதிரெதிரே வந்தால் யாராவது ஒருவர் சோளக்காட்டுக்குள் இறங்கிவிட வேண்டும். கை குலுக்கக் கூடாது, முகம் பார்க்கக் கூடாது, ஒரே கூரைக்குக் கீழே அடுத்தடுத்து உட்காரவே கூடாது. அது பகை இல்லை, பெரிய மரியாதை. இந்த ஊரில் லஞ்சம் வாங்கியவன் மறுநாள் தலைநிமிர்ந்து நடப்பான். மாமியார் பக்கத்தில் உட்கார்ந்தவன் நடக்க முடியாது.

"ஊர வித்தவள்னு சொன்னாக்கூடத் தாங்கிக்குவேன்" என்று விம்மினாள் நெலிமா. "மருமகன் தோள ஒரசிக்கிட்டு உக்காந்தவள்னு சொன்னா நான் எப்படி மகளே சர்ச்சுக்குப் போவேன்?"

நசாம்பு அவள் முன்னால் தேநீர்க் கோப்பையை நகர்த்தினாள். "இதே தலைத்துணியோட, இதே மாதிரிக் கூடாரத்துல எங்கெங்க உக்காந்தீங்கம்மா?"

"எங்க உக்காரல? விசேஷத்துக்குன்னு எங்கிட்ட இருக்கறது இது ஒண்ணுதான். ஊர்ல இருக்கற கூடாரக்காரனும் ஒருத்தன்தான். சாவு, கல்யாணம், நன்கொடைக் கூட்டம், போன மாசம் ஸ்கூல்ல பரீட்சைப் பிள்ளைங்களுக்கு ஜெப நாள்..."

"ஸ்கூல்லயா?"

"நானும் மொதல்ல அதத்தான் நெனச்சேன். ஆனா அன்னிக்கு இவன் வரவே இல்லயே! பேரன் டெரிக் பரீட்சை எழுதறான். எனக்கு இந்தக் கூடாரத்துல, இவனுக்கு மைதானத்துக்கு அந்தாண்ட இருக்கற கூடாரத்துலன்னு முறையா இடம் போட்டு வெச்சா, இவன் நாற்காலி கடைசி வரைக்கும் காலி. பெத்த புள்ளையோட ஜெபத்துக்கு வராத அப்பன்! நங்கிலா அன்னிலேர்ந்து இவனோட பேசறதில்ல. சமையக்கட்டுலதான் படுக்கறான். அன்னிக்கு எவ்வளவு உருக்கமான ஜெபம் தெரியுமா? பாஸ்டர் ஆமென்னு முடிச்சதும் எங்க கூடாரம் அப்படியே ஒரு பக்கமா சாஞ்சு விழுந்துச்சு. பரிசுத்த ஆவி இறங்கிட்டார்னு எல்லாரும் கதறினோம். ஆவி வந்துச்சு, அப்பன் வரல!"

நசாம்பு படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். "அப்ப இது ரெண்டு படத்த வெட்டி ஒட்டினது."

"வெட்டி ஒட்டற வித்வான் ஊர்ல ஒருத்தர்தானே மேடம்" என்று முகெபி தொப்பியை எடுத்தான்.

*

மசிகாவின் ஸ்டுடியோவில் ஒரு மணமகளுக்கு விமானம் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். மசிகாவின் கைவண்ணத்தில் நமுலோக்காரர்கள் பலர் அருவிக்கு முன்னாலும் வெளிநாட்டுக் கோபுரங்களுக்கு முன்னாலும் நின்றிருக்கிறார்கள். ஒருத்தருக்கும் பாஸ்போர்ட் கிடையாது.

படத்தைப் பார்த்ததும் மசிகா முகம் சிவந்தான். "வெட்டி ஒட்டினதா? என் வேலைய இவ்வளவு கேவலமா பேசாதீங்க மேடம். நான் ஒட்டியிருந்தா பின்னால ஒரு சிங்கமாவது நிக்கும்."

"அப்ப இது?"

"அசல். நானே எடுத்தது. இதோ கையெழுத்து." மூலையிலிருந்த கறுப்புத் தீற்றலின்மேல் கட்டை விரலை வைத்தான். கச்சிதமாகப் பொருந்தியது. "லென்ஸ் பக்கத்துல விரல் போயிடுது. என்ன பண்ணாலும் போகல. கல்யாணப் படத்துல மாப்பிள்ளை பக்கமா வெச்சுக்கிறேன்."

முகெபி சுவரில் மாட்டியிருந்த படங்களைப் பார்த்தான். எல்லா மாப்பிள்ளைகளுக்கும் ஒரு தோள் இல்லை.

"சூட்டு போட்ட ஒரு ஆலோசகர் வந்தார்" என்றான் மசிகா. "'கூட்டம் வேணும், கை தூக்கிருக்கணும், என்ன கூட்டமா இருந்தாலும் பரவாயில்ல'ன்னார். இருந்தத குடுத்துட்டேன். பேப்பர்ல போடப் போறார்னு நெனச்சேன்."

"என்னிக்கு எடுத்தது இது?"

"எனக்கு எப்படித் தெரியும்? ஒரே கூடாரம், அதே நாற்காலி, அதே பிடரிங்க. பிரிண்ட் போட்டதும் கேமராவுல அழிச்சுருவேன்."

"படம் இவ்வளவு தெளிவா இருக்கே."

மசிகா தன் பழைய கேமராவைத் தடவிக் கொடுத்தான். "இவ கிழவி. யாராச்சும் தும்மினாக்கூடப் பொகை மாதிரி விழும். அதனால கூட்டம் மொத்தமும் அசையாம இருக்கற நேரம் பார்த்துத்தான் அமுக்குவேன்."

வெளியே வந்ததும் முகெபி தலையில் கை வைத்தான். "கவுந்தோம் மேடம். படம் அசல். நம்ம கட்சிக்காரம்மா மருமகன்கூட ஜோடியா உக்காந்ததும் அசல். இத அவங்ககிட்ட நீங்கதான் சொல்லணும். எனக்கு உயிர்மேல ஆசை இருக்கு."

நசாம்பு நடைபாதையிலேயே நின்றுவிட்டாள். அவளுக்கு மூளை ஓடினால் கால் ஓடாது. ஆளேற்றி வந்த ஒரு மட்டாட்டு வேன் அவளை இடிக்காமல் வளைந்து போனது. அதன் கண்டக்டர் முகெபிக்கு மட்டும் புரிகிற பாஷையில் ஏதோ சொல்லிவிட்டுப் போனான்.

"முகெபி, நம்ம ஊர்ல ஒரு கூட்டம் முழுக்க அசையாம இருந்து பார்த்திருக்கியா?"

"சாவுலகூட இல்ல. சாப்பாட்டுப் பந்தல் பக்கமா மெதுவா நகர்ந்துக்கிட்டே இருப்பாங்க."

"ஓட்டெடுத்தா?"

"ஐயோ. பக்கத்துல இருக்கறவன் தூக்கறானான்னு பார்க்கத் திரும்புவான். தூக்கினவன் கையப் புடிச்சு இறக்குவான். ரத்தம் வரும்."

"சரி, ஓட்டுப் போட நீ எத்தன கைய தூக்குவ?"

"ஒண்ணு" என்று தூக்கிக் காட்டியவன், கையை அப்படியே வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தான். பிறகு மெல்ல இன்னொரு கையையும் தூக்கினான். "மேடம்..."

"காலையில நீ சொன்ன ஜோக்குதான்டா துப்பு. தெரியாத்தனமா ஒரு நல்ல காரியம் பண்ணிட்ட. ஓட்டுக்கு ஒரு கை. ஆண்டவருக்குத்தான் ரெண்டு கை. ஊரே அசையாம, கண்ண மூடிக்கிட்டு, கையத் தூக்கிக்கிட்டு இருந்தது ஜெபத்துல. ஸ்கூல் ஜெபத்துல."

"ஆனா அன்னிக்கு மருமகன் வரலயே. அந்தம்மா சத்தியம் பண்றாங்க."

"வரலன்னு சொல்றது யாரு? கண்ண மூடிக்கிட்டு இருந்தவங்க" என்றாள் நசாம்பு. "வா, சிதுமாவப் பிடிப்போம்."

*

பைக் டாக்ஸிக்காரர்கள் மா மரத்தடியில் பயணிக்காகக் காத்திருந்தார்கள். நசாம்புவின் கையில் அந்தத் தாளைக் கண்டதுதான் தாமதம், சிதுமா ஹெல்மெட்டைக் கவிழ்த்துக்கொண்டு பைக்கை உதைத்தான். புழுதி மட்டும் மிஞ்சியது.

"குத்தம் செஞ்ச நெஞ்சு குறுகுறுக்குது" என்றான் முகெபி. "பைக்க நடந்து போய்ப் பிடிக்கச் சொல்லாதீங்க மேடம், செருப்பு புதுசு."

அதற்குள் நசாம்பு போனில் பேசிக்கொண்டிருந்தாள். "அம்மா, எங்க இருக்கீங்க? பாலத்துக்கிட்டயா? ரொம்ப நல்லது. ரோட்டு நடுவுல நில்லுங்க. ஏன்னு கேக்காதீங்க. சும்மா நில்லுங்க."

ஊரை விட்டு வெளியே போக அந்த ஒரு பாலம்தான். போலீஸ் தடுப்பைத் தாண்டிப் போன பைக்குகள் நமுலோவில் உண்டு. மாமியாரைத் தாண்டிப் போன பைக் இதுவரை கிடையாது. தூரத்தில் ஆரஞ்சுத் துணியைப் பார்த்த சிதுமா பிரேக்கை மிதித்தான். பின்னால் முகெபி, முன்னால் மாமியார். பெரியவர்கள் காட்டிய வழியில் பைக்கோடு சோளக்காட்டுக்குள் இறங்கினான். ஆற்றோரச் சேறு பைக்கை அன்போடு பிடித்துக்கொண்டது. பாலத்தின்மேல் நெலிமா ஏற்கெனவே முதுகைத் திருப்பி, தோளில் கிடந்த லெசோ துணியைத் தலைக்குமேல் இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றாள். மரபு மரபுதான்.

முகெபி மூச்சிரைக்க வந்து பைக்கின் பின்சீட்டில் உட்கார்ந்தான். "டவுன் ஹால் போகணும். எவ்வளவு ஆகும்?"

"என்ன விட்டுருங்க" என்றான் சிதுமா. ஹெல்மெட்டுக்குள்ளிருந்து குரல் கிணற்றிலிருந்து வருவதுபோல் வந்தது. "நான் ஒண்ணும் திருடல."

"திருடலன்னு தெரியும்" என்றாள் நசாம்பு. "ஜெப நாளுக்கு வந்தேல்ல?"

சிதுமா சேற்றிலிருந்து ஒரு காலை உருவினான். பிறகு அவன் ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.

"வழியில ஒரு பிரசவக் கேஸ். ஆஸ்பத்திரியில விட்டுட்டு வர்றதுக்குள்ள பாஸ்டர் ஆரம்பிச்சுட்டார். ஜெபம் நடக்கும்போது மைதானத்தக் குறுக்கால கடக்க முடியுமா? கண்ணத் தரையில போட்டுக்கிட்டே மொதல்ல கைக்கு ஆம்பிட்ட காலி நாற்காலியில உக்காந்தேன். ரெண்டு கையும் தூக்கினேன். கண்ண மூடினேன். டெரிக் கணக்குல கொஞ்சம் வீக்கு மேடம். அவனுக்காக மனசார வேண்டினேன். ஆமென் சொன்னேன். கண்ணத் திறந்தேன்." மடியிலிருந்த ஹெல்மெட்டைக் கட்டிக்கொண்டான். "பக்கத்துல ஆரஞ்சு கலர்."

"அப்புறம்?"

"அவங்க இன்னும் கண்ணத் திறக்கல. அப்படியே நாற்காலிக்கு அடியில நழுவி, தவழ்ந்து, பின்பக்கமா வெளிய... கூடாரக் கயிறு காலத் தடுக்குச்சு."

"கூடாரம் சாஞ்சுது."

"ஆமா."

முகெபி தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டான். "ஊரே பரிசுத்த ஆவின்னு அழுதுச்சேப்பா. இவ்வளவு கிட்டத்துல தரிசனம் கிடைக்கும்னு நான் நெனைக்கவே இல்ல."

"பொண்டாட்டிகிட்டயாவது சொல்லிருக்கலாம்ல?" என்றாள் நசாம்பு.

"என்னன்னு? 'உங்கம்மா தோள்ல இடிச்சுக்கிட்டு உக்காந்தேன்'னா? புள்ளைக்கு ஜெபம் பண்ணாத அப்பன்ங்கற பேரே பரவாயில்லன்னு இருந்துட்டேன்." அவன் கண் கலங்கியிருந்தது. ஒரு மாதமாகச் சமையல்கட்டுப் புகையில் படுத்தவன் கண் என்று அதைச் சொல்லிவிட முடியாது.

"சிதுமா, இன்னிக்கு ரெண்டு மணிக்கு நீ வாயத் திறக்கலன்னா அவங்கள ஊர வித்தவங்கன்னு எழுதிருவாங்க. அந்த ஸ்டாண்டும் போகும், அவங்க பேரும் போகும். அது ஜெபம்னு தெரிஞ்ச ஒரே ஆள் நீதான். மத்தவங்களுக்கு அது வெறும் பிடரி."

"அவங்க உள்ள இருப்பாங்களே மேடம். நான் எப்படி வருவேன்?"

"ஹாலுக்கு ஜன்னல் இருக்கு" என்றாள் நசாம்பு.

*

டவுன் ஹால் நிரம்பி வழிந்தது. முன்வரிசையில் ஸ்டாண்ட் பெண்கள் தோளோடு தோளாக உட்கார்ந்திருந்தார்கள். கடைசி வரிசையில் நெலிமா தனியாக இருந்தாள். அவளைச் சுற்றி நாலு பக்கமும் நாற்காலிகள் காலி. ஹாலில் நிற்க இடமில்லாதபோதும் அந்த நாற்காலிகளில் யாரும் உட்காரவில்லை.

மேடையில் விசாரணை அதிகாரி. கண்ணாடி போட்ட, சிரித்தால் சம்பளம் பிடிப்பார்கள் என்று நினைக்கிற மாதிரியான அம்மாள். பக்கத்தில், ஸ்டாண்டை மாற்றும் திட்டத்துக்கு அறிக்கை எழுதிய ஜஸ்டஸ் என்ற அந்த ஆலோசகர், புழுதி ஒட்டாத சூட்டில்.

நமுலோவில் எந்தக் கூட்டமும் ஜெபம் இல்லாமல் தொடங்காது. இரண்டு ஆடுகளுக்கான பஞ்சாயத்துக்கே ஜெபம் உண்டு. முன்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து ஆரம்பித்தாள். ஹால் மொத்தமும் கண்ணை மூடிக் கைகளைத் தூக்கியது. தூணுக்குப் பின்னால் முகெபி மட்டும் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, கடவுளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, தன் போனை உயர்த்தினான்.

"ஆமென்!"

ஆலோசகர் எழுந்து நீளமாகப் பேசினார். வளர்ச்சி என்றார், போக்குவரத்து நெரிசல் என்றார், கடைசியில் தாளை உயர்த்திப் பிடித்து, "மக்களே ஏகமனதாக் கை தூக்கிட்டாங்க. இதுக்கு மேல என்ன விசாரணை?" என்று உட்கார்ந்தார். முன்வரிசையில் முணுமுணுப்பு. ஒருத்தி திரும்பி நெலிமாவை முறைத்தாள்.

நசாம்பு எழுந்து மேடைக்குப் போனாள். "அதிகாரியம்மா, ஏகமனதா கை தூக்கின இன்னொரு கூட்டத்தோட படம் எங்கிட்டயும் இருக்கு. சதுப்பு நிலத்துல யாரும் கை வைக்கக் கூடாதுன்னு இந்த ஹாலே தீர்மானம் போட்டிருக்கு." முகெபியின் போனை மேஜையில் வைத்தாள். "பாருங்க, ஆலோசகர் ஐயாவே ரெண்டு கையாலயும் ஆதரிக்கறார். அவர் பக்கத்துல, கண்ணாடி போட்டவங்க... நீங்கதானேம்மா?"

அதிகாரி குனிந்து பார்த்தார். ஜஸ்டஸ் எட்டிப் பார்த்துத் துள்ளி எழுந்தார். "என்ன அக்கிரமம் இது! இப்ப நடந்த ஜெபம்! எல்லாரும் கண்ண மூடிருக்கோம் பாருங்க! ரெண்டு கையும் தூக்கிருக்கோம், யாராவது ரெண்டு கையால ஓட்டுப் போடுவாங்களா?"

"அதத்தான் நானும் கேக்கறேன்" என்று நசாம்பு அவருடைய தாளை எடுத்துப் போன் பக்கத்தில் வைத்தாள்.

ஹாலில் சிரிப்பு ஒரு மூலையில் கிளம்பி மறுமூலைக்குப் போயிற்று. அதிகாரி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

ஜஸ்டஸ் சுதாரித்துக்கொண்டார். "எங்க கூட்டத்துலயும் ஆரம்பத்துல ஜெபம் நடந்துச்சு. அப்ப எடுத்த படம்னே வெச்சுக்குங்க. கூட்டம் நடக்கலன்னு யார் சொன்னது? சாட்சி இருக்கா?"

"இருக்கேன்" என்றது ஜன்னல்.

எல்லாத் தலைகளும் திரும்பின. கம்பிக்கு வெளியே ஒரு ஹெல்மெட், முகத்தை மூடும் கண்ணாடியை இறக்கியபடி.

"உள்ள வந்து பேசுங்க" என்றார் அதிகாரி. "ஹெல்மெட்டக் கழட்டுங்க."

"முடியாதும்மா. உள்ள ஒருத்தங்க இருக்காங்க."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "மாமியாரா?"

"ஆமாம்மா."

"கழட்டாதீங்க. அங்கேருந்தே சொல்லுங்க." அந்த அம்மாளும் இந்தப் பக்கத்துப் பெண்தான் என்பது அப்போதுதான் ஊருக்குத் தெரிந்தது.

கடைசி வரிசையில் நெலிமா லெசோவைத் தலைக்குமேல் இழுத்துவிட்டுக்கொண்டாள். உள்ளிருந்து குரல் மட்டும் வந்தது. "சொல்லச் சொல்லுங்க. நான் இங்க இல்ல."

சிதுமா சொன்னான். பிரசவக் கேஸ், தாமதம், காலி நாற்காலி, ஆமென், ஆரஞ்சு நிறம், தவழ்ந்தது, கயிறு. கயிறு வந்தபோது ஹால் வெடித்தது. முன்வரிசைப் பெண்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து கண்ணீர் வரச் சிரித்தார்கள். பாஸ்டர் மட்டும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சிரிப்பு அடங்கும்வரை ஹெல்மெட் அசையாமல் நின்றது. பிறகு, "சிரிங்க. எனக்கு அசிங்கம்தான்" என்றான் சிதுமா. "ஆனா அவங்க எதையும் விக்கல. பேரன் பாஸாகணும்னு கை தூக்கினாங்க. நானும் அதுக்குத்தான் தூக்கினேன். அந்தக் கைய எடுத்து இவர் சதுப்புல பொதைச்சுட்டார்."

ஜஸ்டஸ் வாயைத் திறந்தார். அதிகாரி அவரைப் பார்க்காமலேயே கையை உயர்த்தி நிறுத்தினார். ஒரே ஒரு கைதான்.

"இந்தப் பெர்மிட் இன்னிக்குக் கிடையாது" என்றார். "நடக்காத கூட்டத்த வெச்சு நான் கையெழுத்துப் போட மாட்டேன். அறிக்கைக்கு இவர் எங்க ஆபீஸ்ல பதில் சொல்லட்டும். புதுக் கூட்டம் அந்த வேன் ஸ்டாண்ட்லயே நடக்கும். நானே வர்றேன். படம் நானே எடுத்துக்கறேன்."

எல்லாரும் எழுந்து கைதட்டியதில் நாலைந்து நாற்காலிகள் விழுந்ததுகூடப் பாதிப் பேருக்குக் கேட்கவில்லை. முன்வரிசைப் பெண்கள் எழுந்து பின்வரிசைக்குப் போனார்கள். மன்னிப்பு என்ற சொல்லை ஒருத்தியும் சொல்லவில்லை. நெலிமாவைச் சுற்றியிருந்த காலி நாற்காலிகளில் ஒவ்வொருத்தியாக உட்கார்ந்தாள். சுவரோரம் நின்றிருந்த நங்கிலா யாரையும் பார்க்காமல் வாசலை நோக்கி நடந்தாள். வெளியே போனதும் அவள் ஜன்னல் இருந்த பக்கமாகத் திரும்பியதை முகெபி பார்த்தான்.

*

மாலையில் ஸ்டாண்டில் நெலிமாவின் அடுப்பு மறுபடி எரிந்தது. கவிழ்த்தவர்களே நிமிர்த்தி, கரியும் போட்டிருந்தார்கள். சற்றுத் தள்ளி, வேன் மறைவில், ஒரு பைக் நின்றது. அதன் பின்சீட்டில் நங்கிலா.

முகெபி இரு தரப்புக்கும் நடுவே ஓடிக்கொண்டிருந்தான். "பக்கத்துல உக்காந்ததுக்கு அபராதம் ஒரு ஆடுதானே, அடுத்த வாரம் கொண்டாந்துடறேங்கறார்ம்மா."

நெலிமா சோளத்தைத் திருப்பிப் போட்டாள். வேன் பக்கம் பார்க்கவில்லை. "கெடாவா இருக்கணும்னு சொல்லு. பரிசுத்த ஆவி கணக்குக்கு இன்னொண்ணும் கேக்கலாம், போனாப் போகுது." குனிந்து அடுப்பை ஊதினாள். "புள்ளைக்காக வந்தான்ல. அது போதும். அது தெரியாம ஒரு மாசமா அவன எப்படியெல்லாம் திட்டிருக்கேன்."

நசாம்பு தன் கூலியாகக் கேட்டது ஒரு சோளம். நல்ல சூட்டில் கடித்துக்கொண்டிருந்தாள்.

நெலிமா கங்கிலிருந்து இரண்டு கதிர்களை எடுத்து, உப்பும் மிளகாய்த்தூளும் எலுமிச்சையும் தேய்த்து, தோகையில் சுற்றினாள். பருத்ததாகப் பார்த்து ஒன்றை முகெபியின் வலது கையில் வைத்தாள். அதைவிடப் பருத்தது இடது கையில்.

"ரெண்டும் எனக்காம்மா?"

"ஒண்ணு உனக்கு" என்றாள் நெலிமா, லெசோவை முகத்துக்கு இழுத்தபடி. "அந்த வேனுக்குப் பின்னால யாரோ நிக்கறாங்கன்னு சொல்றாங்க. யாருன்னு எனக்குத் தெரியாது. காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்ட்டிருக்க மாட்டாங்க. சூடு ஆறறதுக்குள்ள குடுத்துட்டு வா."